நேப்பியர் கேட்ட சாட்சியம்

ஸ்காட்லாந்து என்றதும் நினைவுக்கு வருவது விஸ்கி பாட்டிலும் பிஸ்கட் டப்பாவும்தான். கட்டம் போட்ட பாவாடை அணிந்த ஆண், கையில் பேக்பைப், பின்னால் மூடுபனி போர்த்திய மலை. இந்தப் படத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மலையடிவாரத்தில் வீடுகளே இருக்காது. பார்க்க ரம்மியமான அந்த வெறுமை இயற்கை தந்ததல்ல. பல பள்ளத்தாக்குகளில் ஒரு காலத்தில் ஊர்கள் இருந்தன. அவை காலி செய்யப்பட்டன.

வடமேற்கு மலைநாடான ஹைலேண்ட்ஸில் மக்கள் குலங்களாக வாழ்ந்தனர். குலத்தைக் குறிக்கும் கேலிக் சொல்லுக்கு 'பிள்ளைகள்' என்று பொருள். தலைவன் அழைத்தால் வாளெடுக்க வேண்டும். பதிலுக்கு உழுது பிழைக்க நிலம் கிடைக்கும். எழுத்தில் இல்லாத ஒப்பந்தம் இது. 1746 ஏப்ரலில் கலோடன் களத்தில், ஸ்டூவர்ட் வம்சத்துக்காகக் கிளர்ந்தெழுந்த படை ஒரு மணி நேரத்துக்குள் நொறுங்கியது. லண்டன் அரசு குலத்தலைவர்களின் நீதி வழங்கும் அதிகாரத்தைப் பறித்தது. மலைநாட்டு உடையைத் தடை செய்தது. ஆனால் பிரிட்டிஷ் ராணுவத்தில் சேர்ந்தால் அதே உடையை அணியலாம்! தடை 1782 வரை நீடித்தது.

வாள் தேவையில்லை என்றானதும் வாளேந்தும் ஆட்களும் தேவையில்லாமல் போனார்கள். தலைவன் நிலச்சுவான்தார் ஆனான். குடியானவன் தரும் வாடகையைவிடச் செம்மறி ஆட்டுப் பண்ணைக்காரர்கள் தரும் வாடகை அதிகம். சதர்லாந்து சீமாட்டியின் எஸ்டேட்டில் 1814இல் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் வீடுகள் கொளுத்தப்பட்டன. படுத்த படுக்கையாகக் கிடந்த மூதாட்டி ஒருவர் சில நாட்களில் இறந்தார். அந்த வேலையை முன்னின்று நடத்திய பேட்ரிக் செல்லர் 1816இல் இன்வர்னெஸ் நீதிமன்றத்தில் விடுதலையானார். காலியான நிலத்தை ஆட்டுப் பண்ணையாகக் குத்தகைக்கு எடுத்தவரும் அவரே. 1819இல் அதே பள்ளத்தாக்கில் இன்னும் பெரிய அளவில் வெளியேற்றம் நடந்தது. மக்கள் கடலோரப் பாறை நிலத்துக்குத் தள்ளப்பட்டனர். பலர் கனடாவுக்குக் கப்பலேறினர்.

மூன்றே ஆண்டுகளில், 1822இல், மன்னர் நான்காம் ஜார்ஜ் எடின்பரோவுக்கு வந்தார். நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் ஏற்பாடு செய்த கோலாகலத்தில் மன்னரே கட்டம் போட்ட பாவாடையில் காட்சி தந்தார். மலைநாட்டு உடை தேசிய உடையாக அரங்கேறியது அப்போதுதான். உடைக்குக் கிடைத்த மரியாதை அதை உடுத்தியவர்களுக்குக் கிடைக்கவில்லை.

1882இல் ஸ்கை தீவின் பிரேஸ் கிராமத்தில் பொறுமை உடைந்தது. மேய்ச்சல் நிலத்தை இழந்த குடியானவர்கள் வாடகை தர மறுத்தனர். கிளாஸ்கோவிலிருந்து வந்த சுமார் 50 போலீஸ்காரர்களைப் பெண்கள் கல்லெறிந்து எதிர்கொண்டனர். அரசு 1883இல் விசாரணைக் கமிஷன் அமைத்தது. அதன் தலைவர் பிரான்சிஸ் நேப்பியர் பிரபு.

பெயர் பரிச்சயமாக இருக்கிறதா? 1866 முதல் 1872 வரை சென்னை மாகாணத்தின் கவர்னராக இருந்தவர் இவர். சென்னைக் கோட்டையிலிருந்து மெரினாவுக்குப் போகும் வழியில் கூவத்தைக் கடக்கிற நேப்பியர் பாலம், திருவனந்தபுரத்தின் நேப்பியர் மியூசியம் எல்லாம் இவர் பெயரில்தான்.

கமிஷனின் முதல் அமர்வு பிரேஸில் நடந்தது. முதல் சாட்சி ஆங்கஸ் ஸ்டூவர்ட் என்ற குடியானவர். உண்மையைச் சொன்னால் நிலத்தைவிட்டு வெளியேற்ற மாட்டார்கள் என்று உத்தரவாதம் தந்தால்தான் பேசுவேன் என்றார் அவர். எந்த அறிக்கையையும்விட அந்த ஒரு கோரிக்கை மலைநாட்டின் நிலையைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. தீவு தீவாகப் போய் 700க்கும் மேற்பட்டோரிடம் சாட்சியம் வாங்கியது கமிஷன்.

நேப்பியரும் நிலவுடைமைக் குடும்பத்தவர்தான். ஆனாலும் கிராமத்தை ஒரு கூட்டு அமைப்பாகச் சட்டம் அங்கீகரிக்க வேண்டும் என்று 1884 அறிக்கையில் சொன்னார். அரசு அதை ஏற்கவில்லை. 1886இல் வந்த சட்டம் தனித்தனிக் குடியானவருக்கு உரிமை தந்தது: வாடகை ஒழுங்காகக் கட்டினால் வெளியேற்ற முடியாது, நியாய வாடகையை ஆணையம் நிர்ணயிக்கும், குத்தகை வாரிசுக்குச் செல்லும். பெரிய வெற்றிதான். ஆனால் பறிபோன பள்ளத்தாக்குகள் திரும்பவில்லை.

ஒரு நூற்றாண்டு கழித்து, கிராமம் கூட்டாகச் செயல்படும் யோசனை வேறு வடிவில் உயிர்பெற்றது. 1993இல் அசின்ட் பகுதிக் குடியானவர்கள் பணம் திரட்டி, தாங்கள் குடியிருந்த சுமார் 21,000 ஏக்கர் எஸ்டேட்டை வாங்கினர். 1997இல், அறுபத்துச் சொச்சம் பேர் வசித்த ஈக் தீவு சுமார் 15 லட்சம் பவுண்டுக்கு அம்மக்களைச் சேர்ந்த அறக்கட்டளையின் கைக்கு வந்தது. நீர், காற்று, சூரிய சக்தியை இணைத்து 2008இல் தீவு முழுவதற்கும் சொந்த மின்சாரம் தந்தார்கள். 2003இல் நிலச் சீர்திருத்தச் சட்டம் இத்தகைய கொள்முதலுக்கு வழி வகுத்தது. இருந்தும் கிராமப்புறத் தனியார் நிலத்தில் பாதி இன்னும் 500க்கும் குறைவான உரிமையாளர்களிடமே இருப்பதாக மதிப்பீடு.

மொழியின் கதையும் இதையொட்டியதே. 1872 கல்விச் சட்டம் கேலிக் மொழியைக் கண்டுகொள்ளவே இல்லை. 1891இல் இரண்டரை லட்சத்துக்கு மேல் இருந்த கேலிக் பேசுவோர் 2011இல் சுமார் 57,000 ஆகக் குறைந்தனர். 2022 கணக்கெடுப்பில் எண்ணிக்கை 70,000ஐ நெருங்கியிருப்பது ஆறுதல். பள்ளிகளில் கற்கும் பிள்ளைகளுக்கு இதில் பங்கு உண்டு. ஆனால் அம்மொழி வீட்டு மொழியாகப் பிழைத்திருக்கும் மேற்குத் தீவுகளில் அது தேய்ந்துவருகிறது. பிழைப்பும் வீடும் கிடைக்காமல் இளைஞர்கள் வெளியேறினால் அங்கே யார் பேசுவது? பாவாடையையும் பேக்பைப்பையும் எந்த ஊரிலும் காட்சிக்கு வைக்கலாம். மொழிக்குக் குடியிருக்க ஓர் ஊர் வேண்டும். ஈக் தீவு மக்கள் நிலத்தைக் கேட்டு வாங்கியதன் அர்த்தம் அங்கேதான் இருக்கிறது.