ஒரே வாரத்தில் கோப்பை. நியாயத்துக்கு மட்டும் ஏன் தாமதம்? ஷாபெகோயென்சே அணியின் 2016

2016 நவம்பர் 30, இரவு. கொலம்பியாவின் மெடலின் நகரக் கால்பந்து மைதானம் நிரம்பி வழிந்தது. உள்ளே இடம் கிடைக்காதவர்கள் தெருவில் நின்றார்கள். பெரும்பாலோர் வெள்ளை உடையில், கையில் மெழுகுவத்தியோடும் பூவோடும் வந்திருந்தார்கள். அன்றைக்கு அங்கே கோபா சுதமெரிகானா இறுதிப் போட்டியின் முதல் ஆட்டம் நடந்திருக்க வேண்டும். ஆனால், ஆட வேண்டிய அணி வந்து சேரவில்லை. சொந்த ஊர் ரசிகர்கள் எதிரணியின் பெயரைச் சொல்லிக் கோஷம் போட்டார்கள்: "வாமோஸ், வாமோஸ் ஷாபெ!"

இரண்டு நாள் முன்பு, நவம்பர் 28 இரவு, பிரேசிலின் ஷாபெகோயென்சே அணியை ஏற்றிவந்த விமானம் மெடலின் அருகே மலையில் மோதி நொறுங்கியது. 77 பேரில் 71 பேர் இறந்தனர். அவர்களில் 19 பேர் வீரர்கள். 20 பேர் செய்தியாளர்கள். பயிற்சியாளர் காயோ ஜூனியரும் பிழைக்கவில்லை.

இந்தக் கதையை உலகம் பெரும்பாலும் கண்ணீர்க் கதையாகவே நினைவில் வைத்திருக்கிறது. கண்ணீர் நியாயமானதுதான். ஆனா, அதோட நிறுத்திக்கிட்டா முக்கியமான பாதி விடுபட்டுப் போகும்.

யார் இந்த ஷாபெ?

பிரேசிலின் தென்பகுதியில், சாந்தா கதரீனா மாநிலத்தின் மேற்கே இருக்கும் ஊர் ஷாபெகோ. 2016-ல் மக்கள்தொகை சுமார் 2 லட்சம். ரியோ, சாவ் பாலோ போலப் பெயர்பெற்ற ஊர் இல்லை. இறைச்சித் தொழிற்சாலைகளை நம்பிப் பிழைக்கும் ஊர். 1973-ல் தொடங்கிய கிளப், 2009-ல் தேசிய லீக்கின் நான்காவது டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்தது. 2014-ல் முதல் டிவிஷனுக்கு வந்துவிட்டது. ஐந்தே ஆண்டில் மூன்று படி ஏறியது சாதாரண விஷயமில்லை.

2016-ல் தென் அமெரிக்காவின் இரண்டாம் நிலை கிளப் தொடரான கோபா சுதமெரிகானாவில் அந்த அணி அசத்தியது. அர்ஜென்டினாவின் இண்டிபென்டியென்டே அணிக்கு எதிரான பெனால்ட்டி ஷூட் அவுட்டில் கோல்கீப்பர் டானிலோ நான்கு ஷாட்களைத் தடுத்தார். அரையிறுதியில் சான் லொரென்சோ அணிக்கு எதிராக, ஆட்டம் முடியும் கடைசி நொடிகளில், கோல் என்றே எல்லோரும் நினைத்த பந்தைக் காலால் உதைத்து வெளியேற்றினார். அந்த ஒரு தடுப்புதான் அணியை இறுதிப் போட்டிக்குக் கொண்டுபோனது. ஷாபெகோவின் மைதானம் இறுதிப் போட்டிக்குப் போதாத அளவு சின்னது என்பதால், இரண்டாவது ஆட்டத்தை வேறு நகரமான கூரிச்சிபாவுக்கு மாற்ற வேண்டியிருந்தது. அவ்வளவு சின்ன கிளப்பின் அவ்வளவு பெரிய வெற்றி அது.

விமானம் ஏன் விழுந்தது?

எரிபொருள் தீர்ந்துபோனது. அவ்வளவுதான். புயலோ, பறவை மோதலோ, சதியோ இல்லை.

அணி முதலில் பிரேசிலில் இருந்தே தனி விமானத்தில் நேராகப் போக நினைத்தது. பொலிவிய நிறுவனமான லாமியாவின் விமானம் அது. பிரேசில் அல்லது கொலம்பிய நிறுவனத்தின் விமானமாக இருந்தால்தான் அனுமதி என்று பிரேசில் விமானப் போக்குவரத்துத் துறை மறுத்துவிட்டது. அதனால் பயணிகள் விமானத்தில் பொலிவியாவின் சாந்தா குரூஸ் வரை போய், அங்கிருந்து லாமியா விமானத்தில் ஏறினார்கள்.

அங்கேதான் கணக்கு இடித்தது. பயண நேரம் 4 மணி 22 நிமிடம். விமானத்தில் இருந்த எரிபொருள் தாங்கக்கூடிய நேரமும் அதே 4 மணி 22 நிமிடம்.

பைக் ரிசர்வில் விழுந்தாலே பங்க் எங்கேன்னு தேடுவது வழக்கம். விமானத்துக்கோ இதைவிடக் கறாரான விதி இருக்கிறது. சேரவேண்டிய ஊர் வரைக்கும், அங்கே இறங்க முடியாவிட்டால் மாற்று விமான நிலையம் வரைக்கும், அதற்கு மேல் குறைந்தது 30 நிமிடம் வானில் வட்டமடிப்பதற்கும் எரிபொருள் இருக்க வேண்டும். அந்த விமானத்தில் இந்தக் கூடுதல் எதுவுமே இல்லை. பயணத் திட்டத்தைப் பார்த்த சாந்தா குரூஸ் விமான நிலைய அதிகாரி ஒருவர் இதைக் கவனித்துக் கேள்வி எழுப்பினார். இருந்தும் விமானம் கிளம்பியது.

விமானி அந்த நிறுவனத்தின் பங்குதாரர்களில் ஒருவர். வழியில் இறங்கி எரிபொருள் நிரப்பினால் யாருக்குச் செலவோ, அவர் கையிலேயே முடிவும் இருந்தது. கொலம்பிய விசாரணை அமைப்பின் 2018 இறுதி அறிக்கை, விழுவதற்குச் சுமார் 40 நிமிடம் முன்பே நிலைமை அவசரக் கட்டத்துக்கு வந்துவிட்டதாகச் சொன்னது. போகோட்டாவில் இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை. மெடலின் அருகே வேறொரு விமானத்துக்கு முன்னுரிமை தந்ததால் காத்திருக்க வேண்டிவந்தபோதும், உண்மை நிலையைச் சொல்வதில் விமானி தாமதித்தார். கடைசியில் இன்ஜின்கள் ஒவ்வொன்றாக நின்றன. எரிய எரிபொருளே மிச்சமில்லாததால், விழுந்த விமானம் தீப்பிடிக்கவும் இல்லை.

இதற்குச் சில வாரங்கள் முன்புதான் மெஸ்ஸி உள்ளிட்ட அர்ஜென்டினா தேசிய அணியும் லாமியா விமானத்தில் பறந்திருந்தது. போன தடவை ஒண்ணும் ஆகலையே, இந்தத் தடவையும் பார்த்துக்கலாம் என்ற நினைப்பு எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு இதைவிடக் கொடுமையான உதாரணம் தேவையில்லை.

கோப்பை யாருக்குப் போனது?

எதிரணியான அத்லெடிகோ நாசியோனல், கோப்பையை ஷாபெகோயென்சேவுக்கே கொடுத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டது. டிசம்பர் 5 அன்று, விபத்து நடந்து சரியாக ஒரே வாரத்தில், தென் அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு அப்படியே அறிவித்தது. சாம்பியனுக்கான பரிசுத் தொகையும் ஷாபெவுக்கே போனது.

2017 ஜனவரியில் ஷாபெகோ மைதானத்தில் அந்தக் கோப்பையைத் தூக்கியவர்கள் உயிர் பிழைத்த மூன்று வீரர்கள்: ஆலன் ரூஷெல், நெட்டோ, ஒரு காலை இழந்த கோல்கீப்பர் ஜாக்சன் ஃபோல்மன். அன்றைய நட்பு ஆட்டம் 71-வது நிமிடத்தில் நிறுத்தப்பட்டது. 71 உயிர்களுக்காக.

குடும்பங்களுக்கு என்ன கிடைத்தது?

இங்கேதான் கதையின் வேகம் குறைகிறது. விமானத்துக்கான காப்பீடு செல்லாது என்று காப்பீட்டுத் தரப்பு வாதிட்டது. கணவனை, மகனை, அப்பாவை இழந்தவர்கள் பல நாட்டு நீதிமன்றங்களுக்கும் அலுவலகங்களுக்கும் அலைந்தார்கள்; 2019-ல் லண்டன் வரை போய்ப் போராடினார்கள். அதே ஆண்டு பிரேசில் நாடாளுமன்ற மேலவை தனி விசாரணைக் குழு அமைக்க வேண்டியிருந்தது. கோப்பை ஒரு வாரத்தில் வந்தது. இழப்பீட்டுக்கான போராட்டமோ ஆண்டுக்கணக்கில் நீண்டது.

கிளப் ஆடுகளத்துக்குத் திரும்பியது. மூன்று ஆண்டுகளுக்கு ஷாபெவைக் கீழ் டிவிஷனுக்கு இறக்கக் கூடாது என்று மற்ற கிளப்கள் கேட்டன; அது நடக்கவில்லை. 2019-ல் ஷாபெ மற்ற அணிகளைப் போலவே தோற்று இறங்கியது. 2020 சீசனில் இரண்டாம் டிவிஷன் சாம்பியனாகி மேலே வந்தது. அப்போது கேப்டனாகக் கோப்பையைத் தூக்கியவர், அதே ஆலன் ரூஷெல்.

அப்போ, இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன?

மெடலின் மக்கள் காட்டிய அன்பு பொய்யில்லை. கோப்பையை விட்டுக்கொடுத்த அணியின் பெருந்தன்மையும் விளையாட்டு வரலாற்றில் நிற்கும். ஆனால், அனுதாபம் ஒரு ராத்திரியில் திரண்டுவிடும்; யார் தப்பு, யார் ஈடு செய்வது என்ற கேள்விக்கு அதே கூட்டம் கூடுவதில்லை. விதி என்று சொல்லிவிட்டால் அந்தக் கேள்வியைக் கேட்கவே தேவையில்லாமல் போய்விடுகிறது.

ஷாபெகோயென்சேவைக் கொன்றது விதி இல்லை. ஒரு காகிதத்தில் இரண்டு எண்கள் ஒன்றாக இருந்தன. ஒருவர் அதைப் பார்த்துக் கேள்வியும் கேட்டார். அந்தக் கேள்விக்கு விமானத்தைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் இருந்திருந்தால், நவம்பர் 30 அன்று மெடலினில் ஒரு கால்பந்து ஆட்டம் நடந்திருக்கும். டானிலோ கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றிருப்பார். ஷாபெ ஜெயித்திருக்கலாம், தோற்றும் இருக்கலாம். ஆனால், ஊர் திரும்பியிருக்கும்.