வெண்ணெய் அங்கே இல்லை, கொஞ்சம் தள்ளி இருக்கு

ஆஸ்திரேலியாவில் காஃப்ஸ் ஹார்பர்னு ஒரு ஊர். 1964-ல ரோட்டோரமா ஒரு ராட்சத வாழைப்பழம் கட்டி வெச்சாங்க, இன்னிக்கும் அதைப் பார்க்கக் கூட்டம் போகுது. நமக்கு அந்தக் கட்டடச் செலவுகூட இல்லை. மாமல்லபுரத்துல சரிவுப் பாறைமேல தானா நிக்கிற ஒரு கல்லுக்கு ‘கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை’ன்னு பேர் வெச்சோம், வேலை முடிஞ்சது!

சுமார் 6 மீட்டர் உயரம், 250 டன் எடைன்னு சொல்றாங்க. 1908-ல சென்னை கவர்னரா இருந்த ஆர்தர் லாலி, இது உருண்டு வந்து யார் தலையிலயாவது விழப்போகுதுன்னு 7 யானையைக் கட்டி இழுக்க வெச்சாராம், கல் அசையவே இல்லையாம். கைடு எல்லாரும் சொல்ற கதை. 2019 அக்டோபர்ல மோடியும் ஷி ஜின்பிங்கும் இதுக்கு முன்னாடி கையைத் தூக்கி போஸ் கொடுத்தாங்க. அந்த மாசமே கல்லைப் பார்க்க 40 ரூபாய் டிக்கெட் வந்துடுச்சு. எங்க பி.காம் பாஷையில இதுக்குப் பேர் குட்வில். சரக்கு வெறும் பாறை, காசு பேருக்கு :)

கல் மேல எனக்குக் கோபம் இல்லை. நானும் முட்டுக் கொடுக்கிற மாதிரி போட்டோ எடுத்தவன்தான். ஆனா இந்த ஊரோட நிஜமான சாப்பாட்டுச் சின்னம் அர்ச்சுனன் தபசுக்குப் பக்கத்துல, கிருஷ்ண மண்டபத்துக்குள்ள இருக்கு. வெளியே தூண் மண்டபம் விஜயநகர காலத்துல சேர்த்தது. உள்ளே பாறையில இருக்கிறது பல்லவர் வேலை. ஒருத்தர் உட்கார்ந்து பால் கறக்கிறார். மாடு திரும்பி தன் கன்னை நக்குது. கன்னை நக்க விட்டாத்தான் மாடு பால் விடும்னு தெரிஞ்சவன் செதுக்கினது அது. பானைகளைச் சுமந்துக்கிட்டு ஒரு பெண், தோள்ல குழந்தையோட ஒரு ஆள். சாமிக்குப் பக்கத்துல ஒரு சாதாரண மாட்டுக்கொட்டகை!

அந்தக் கதையே ஒரு படையல் சண்டைதான். வருஷா வருஷம் இந்திரனுக்குப் போற படையலை கோவர்த்தன மலைக்குப் போடுங்கன்னு கிருஷ்ணன் சொல்ல, இந்திரன் கோபத்துல மழையைக் கொட்ட, மலை குடையாச்சு. மனுஷன் செதுக்கினதை அரை நிமிஷத்துல தாண்டிட்டு, யாருமே செதுக்காத கல்லுக்கு வரிசையில நிக்கிறோம். இது என்ன நியாயம்னு நீங்களே சொல்லுங்க.

சரி, கண்ணு நிறைஞ்சது, வயிறு? கடற்கரைப் பக்கம் மீன் நல்லாத்தான் இருக்கும், ஆனா பெரும்பாலும் டூரிஸ்ட்டை நம்பி வந்த கடைங்க. பழசா ஏதாவது சாப்பிடணும்னா திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு வழியா காஞ்சிபுரம் போங்க. 2019 நவம்பர்ல செங்கல்பட்டு தனி மாவட்டமா பிரியற வரைக்கும் எல்லாம் ஒரே மாவட்டம்தான். வரதராஜப் பெருமாளுக்குப் படைக்கிற கோவில் இட்லி, மூங்கில் குடலையில மந்தாரை இலை போட்டு வேக வைக்கிறது. மிளகு, சீரகம், சுக்கு எல்லாம் மாவுலயே இருக்கு. சாம்பார் கேட்டுடாதீங்க, அது பிரசாதம்!