முழு டிஸ்கையும் சி ஆக்கச் சொன்னவருக்கு

பெரிய ஹாட் டிஸ்கில் பழைய வின்டோஸ் போடுவது பற்றிச் சென்ற இதழில் எழுதியவர், யாழ்ப்பாணத்தாரின் வேலிக் குணம் கணினிக்குள்ளும் புகுந்துவிட்டதாக நக்கலடித்திருந்தார். ஒரு டெராபைட் டிஸ்கை சி, டி என்று பிரிப்பது பழங்கால மூடநம்பிக்கையாம். எக்ஸ்பி போட்டாலும் முழுவதையும் ஒரே சி ஆக விட்டுவிட வேண்டுமாம். நக்கல் நன்றாகத்தான் இருக்கிறது. தொழில் தெரிந்தவர் எழுதியதாகத்தான் தெரியவில்லை.

இங்கே இன்னும் ஏன் எக்ஸ்பி என்று அவர் யோசிக்கவேயில்லை. சுன்னாகத்திலோ பருத்தித்துறையிலோ ஒரு சிறிய அச்சகத்துக்குள் போய்ப் பார்க்கட்டும். கலியாண அட்டை, திருவிழா நோட்டீஸ், முப்பத்தோராம் நாள் நினைவு மலர் என்று வருடக்கணக்கில் பேஜ்மேக்கரில், பாமினி எழுத்துருவில் செய்து வைத்த வேலைகள் அந்தப் பழைய கணினியில் கிடக்கின்றன. பேஜ்மேக்கர் 7 வந்தது எக்ஸ்பி வந்த அதே 2001இல். யுனிகோட் தமிழ் அதற்குப் பிடிபடாது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறிய நாட்டில், புதுக் கணினி வாங்கி எல்லாவற்றையும் மாற்று என்று சொல்ல வாய் மட்டும் போதும்.

இனி அவருடைய 'தந்திரம்'. எக்ஸ்பி சீடி டிஸ்கின் முழு அளவைக் காட்டாவிட்டால், டிஸ்கைக் கழற்றிப் புதுக் கணினியில் மாட்டி, ஒரே பார்ட்டிசனாக்கிக் கொண்டுவந்து போடச் சொல்கிறார். ஏன் காட்டவில்லை என்று ஒரு வரி விசாரித்தாரா? 2001இல் வந்த முதல் எக்ஸ்பி, டிஸ்கின் செக்டர்களை 28 பிட் எண்ணால் எண்ணுகிறது. அதன் கணக்கு 26 கோடியே 84 இலட்சம் செக்டரோடு முடிந்துவிடும். செக்டருக்கு 512 பைட் என்றால் 137 ஜிபி. அதற்கு மேல் இடம் இருப்பதாகப் பார்ட்டிசன் அட்டவணையில் எழுதி வைத்து ஏமாற்றினால், வின்டோஸ் ஏறினாலும் ஏறிவிடும். ஆபத்தே அதுதான். டிஸ்கில் 137 ஜிபி நிரம்பும்வரை ஒரு குறையும் தெரியாது. பிறகு 137ஐத் தாண்டி எழுத வேண்டியது, மேல் பிட்டுகள் வெட்டுண்டு, டிஸ்கின் தொடக்கத்தில் போய் விழலாம். அங்கே இருப்பது பார்ட்டிசன் அட்டவணையும் வின்டோசும். மறுநாள் காலை கணினி எழும்பாது. ரெக்னீசியன் வந்து "ஹாட் டிஸ்க் பழுது" என்பார். 2002இல் வந்த முதலாவது சேர்விஸ் பக் இந்தக் குறையைத் தீர்த்துவிட்டது. மூன்றாவது சேர்விஸ் பக் சேர்ந்த சீடியால் போடுங்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். அந்த வரி அவர் கட்டுரையில் இல்லை.

பிரித்ததால்தான் நீலத் திரை வருகிறது என்பது இன்னொரு கண்டுபிடிப்பு. அந்தத் திரையில் 7பி என்று முடியும் எண்ணை அவர் வாசிக்கவில்லை. பயோஸில் சாட்டா 'ஏஎச்சிஐ' முறையில் இருந்து, அதற்கான டிரைவர் எக்ஸ்பியிடம் இல்லாவிட்டால் வருவது அது. 'ஐடிஇ' என்று மாற்றினால் பெரும்பாலும் போய்விடும். பார்ட்டிசன் பாவம், அது என்ன செய்யும்?

பிரித்தால் கணினி இழுக்கும் என்பதிலும் பாதிதான் உண்மை. இழுப்பது பிரித்ததால் அல்ல, பிரித்த இடத்தால். எக்ஸ்பி முதல் பார்ட்டிசனை 63ஆம் செக்டரில் தொடங்கும். இப்போதைய டிஸ்குகள் உள்ளே 4096 பைட் துண்டுகளாக எழுதுபவை. 63 எட்டால் வகுபடாததால் எழுதும் ஒவ்வொரு முறையும் இரண்டு துண்டில் கால் வைக்கிறது. வின்டோஸ் 7 கணினியில் பார்ட்டிசன்களை உருவாக்கி, அவற்றை அழிக்காமல் அவற்றின்மேல், மேலே சொன்ன மூன்றாவது சேர்விஸ் பக் சீடியால் எக்ஸ்பியைப் போட்டால் இந்தத் தொல்லை இல்லை. சி 60 ஜிபி, மிச்சம் டி. வின்டோஸ் கெட்டால் சியை மட்டும் போர்மட் பண்ணலாம். கரண்ட் போய் வந்ததும் ஓடுகிற டிஸ்க் பரிசோதனையும் பழுதான பகுதியோடு நிற்கும். 2022இல் பதின்மூன்று மணிநேர மின்வெட்டைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஒரு விஷயத்தில் அவர் சொன்னது சரி: டி என்பது பிரதி அல்ல. டிஸ்கின் ஹெட் உடைந்தால் சியும் டியும் சேர்ந்தே போகும். ஆனால் அதிலிருந்து "ஆகவே பிரிக்காதே" என்ற முடிவுக்கு எப்படித் தாவினார்? வரவேண்டிய முடிவு, வெளியே இன்னொரு டிஸ்கில் பிரதி எடு என்பது. நினைவு மலர்களில் ஊரும் வம்சமும் பதிவாகியிருப்பதால்தான் நூலகம் நிறுவனம் அவற்றையும் எண்ணிமமாக்கிச் சேர்க்கிறது. அச்சிட்ட பிரதி தொலைந்த வீட்டுக்கு அச்சகக் கணினியில் கிடக்கும் கோப்புத்தான் மிச்சம்.

கட்டுரையாளர் அந்தத் தந்திரத்தை அடுத்த இதழில் மீளப்பெற வேண்டும். அதை நம்பி டிஸ்க் மாற்றிய அச்சகக்காரர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். 'மை கொம்பியூட்டர்' மேல் வலது கிளிக் செய்து புரொப்பர்ட்டீஸைத் திறந்து பாருங்கள். சேர்விஸ் பக் என்று ஒன்றும் இல்லையென்றால், புதிதாக எதையும் சேமிக்காமல் கணினியை நிறுத்தி, டிஸ்கைக் கழற்றி, வேறு கணினியில் வைத்துக் கோப்புகளைப் பிரதி எடுங்கள்.