பல்லைப் பிடுங்க ஆஸ்பத்திரி உண்டு. பல்லைக் கட்ட யார்?

பல் போனால் சொல் போச்சு என்பது பழமொழி. கொடைக்கானல் மலையில் பல் போனால் சொல் மட்டுமா போகிறது? சோறும் சேர்ந்து போகிறது!

வேடிக்கையைப் பாருங்கள். மன்னவனூரில் கேரட் விளைகிறது. பூம்பாறையில் பூண்டு விளைகிறது. தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் ஆரஞ்சும் மலை வாழையும் காப்பியும். சீசன் வந்தால் பேரிக்காயும் பிளம்ஸும் பெட்டி பெட்டியாகக் கீழே இறங்குகின்றன. அதையெல்லாம் நட்டு, களையெடுத்து, பறித்துக் கூடையில் கொட்டிய பாட்டிக்கு ஒரு பேரிக்காயைக் கடிக்கப் பல் இல்லை. ரசத்தில் சோற்றைக் கரைத்துக் குடித்துவிட்டு வாசலில் வெயில் காய்கிறாள்.

பழனி அடிவாரத்துப் பெரியவர்கள் இதையே கேலியாகச் சொல்வார்கள்: "பல்லு போன நமக்குன்னே முருகன் பஞ்சாமிர்தத்தை வச்சிருக்கான் தம்பி!" சிரித்துக்கொண்டுதான் சொல்கிறார்கள். ஆனால் மூன்று வேளையும் பஞ்சாமிர்தமா சாப்பிட முடியும்?

கிழவன் கிழவியின் பல்லைப் பற்றித் தலையங்கமா என்று சிலர் நினைக்கலாம். குடிதண்ணீர், ரோடு, விலைவாசி என்று எத்தனையோ இருக்கிறதே என்று கேட்கலாம். நாம் சொல்வது இதுதான்: மெல்ல முடியாதவர் பருப்பை விடுகிறார், கீரையை விடுகிறார், கறியை விடுகிறார். மிஞ்சுவது கஞ்சியும் பன்னும் டீயும். சர்க்கரை வியாதிக்காரருக்கு இதைவிடக் கெட்ட சாப்பாடு உண்டா? சர்க்கரை ஏறினால் ஈறு கெடுகிறது. ஈறு கெட்டால் சர்க்கரை அடங்க மறுக்கிறது. இது டாக்டர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்ட சங்கதி. பல்லில் ஆரம்பித்த சனியன் உடம்பு முழுக்க உட்காருகிறது.

கிராம்பும் மாத்திரையும்

மலைக் கிராமத்தில் பல்வலி வந்தால் என்ன செய்கிறார்கள்? முதலில் கிராம்பு. அப்புறம் உப்புத் தண்ணீர். அதற்கும் கேட்காவிட்டால் பெட்டிக் கடையில் வலி மாத்திரை. இன்றைக்கு ஒன்று, நாளைக்கு இரண்டு. ஏற்கனவே பிரஷர் உள்ளவர், சிறுநீரகம் பலவீனமானவர், இப்படி வலி மாத்திரையை விழுங்கிக்கொண்டே போனால் எங்கே போய் முடியும்? சிலர் புகையிலையை வைத்து அதக்குகிறார்கள். வலி மரத்துப்போகும் என்று நினைப்பு. வாய்ப்புற்றுக்கு வாசலைத் திறந்து வைப்பது அது.

கடைசியில் கன்னம் வீங்கி, தூக்கம் கெட்ட பிறகுதான் ஆஸ்பத்திரி. அங்கே என்ன நடக்கும்? பல் டாக்டர் இருந்தால் பார்ப்பார். பிரஷர் பார்க்க வேண்டும், சர்க்கரை பார்க்க வேண்டும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்க வேண்டும். எல்லாம் நியாயம்தான். சர்க்கரை அதிகம் இருந்தால், "குறைச்சுக்கிட்டு வாங்கம்மா, அப்புறம் எடுக்கலாம்" என்பார். அவர் சொல்வதில் தப்பில்லை. ஆனால் அந்தம்மா கிளாவரையிலிருந்து வந்தவள். திரும்பிப் போய், மறுபடி எப்போது வருவாள்?

சரி, பல்லை எடுத்தாகிவிட்டது. சர்க்கார் ஆஸ்பத்திரியில் காசு வாங்காமல் எடுக்கிறார்கள். அதற்கு நன்றி. அடுத்து?

அடுத்து ஒன்றும் இல்லை. வெறும் ஈறோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பிடுங்குவது இலவசம். கட்டுவது தனியாரிடம் பல ஆயிரம் ரூபாய். முதியோர் பென்ஷன் 2023-ல் ஆயிரத்திலிருந்து ரூ.1,200 ஆக உயர்ந்தது. அதில் மருந்து போக, மளிகை போக, பேரப்பிள்ளைக்கு முறுக்கு வாங்கிக் கொடுத்தது போக, பல் செட்டுக்கு எத்தனை வருஷம் சேர்க்க வேண்டும்? நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு செட்டுக்கு 1,300 கிலோமீட்டர்!

காசு மட்டும்தான் தடையென்றால் யாராவது புண்ணியவான் கொடுத்துவிடுவார். மலையில் இன்னொரு தடை இருக்கிறது. அது தூரம்.

பல் செட் என்பது செருப்புக் கடையில் அளவு பார்த்து வாங்குகிற ஜோடி அல்ல. முழுச் செட் கட்ட ஏறக்குறைய ஐந்து தடவை டாக்டர் முன்னால் உட்கார வேண்டும். முதல் நாள் மேல்வாய்க்கும் கீழ்வாய்க்கும் அச்சு. அடுத்த தடவை அதைவிடத் துல்லியமான அச்சு. மூன்றாவது, இரண்டு தாடையும் எந்த உயரத்தில் சந்திக்கின்றன என்று மெழுகுக் கட்டையில் அளவெடுப்பது. நான்காவது, மெழுகில் பல் வரிசையைப் பதித்து வாயில் போட்டுப் பார்ப்பது. ஐந்தாவது நாள்தான் செட் கைக்கு வரும். வந்த பிறகும் உரசும், புண்ணாகும். அந்த இடத்தைத் தேய்த்துச் சரிசெய்ய இன்னும் ஒன்றிரண்டு தடவை. இதற்கெல்லாம் முன்னால், பல் எடுத்த ஈறு ஆறுவதற்குச் சில வாரமோ சில மாதமோ காத்திருக்க வேண்டும்.

இப்போது தூரத்தைப் பார்ப்போம். மன்னவனூரிலிருந்து கொடைக்கானல் சுமார் 35 கிலோமீட்டர். கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு வழியாகத் திண்டுக்கல் இன்னும் ஒரு 95. போக வர 260. ஐந்து தடவை என்றால் 1,300 கிலோமீட்டர்! கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டு, கூடத் துணைக்கு ஒரு ஆள் கூலியை விட்டுவிட்டு வர, எழுபது வயதுப் பாட்டி இவ்வளவு தூரம் பல்லுக்காக அலைவாளா? "எனக்கு இன்னும் எத்தனை நாளைக்கு? வேணாம்பா" என்று சொல்லிவிடுகிறாள். வீட்டில் உள்ளவர்களும் "ஆத்தாவே வேணாங்குது" என்று விட்டுவிடுகிறார்கள்.

சீசன் காலத்தில் இன்னும் மோசம். கார்கள் வரிசை கட்டி நிற்கும் மலைப் பாதையில் பஸ் எப்போது போய்ச் சேரும் என்று டிரைவருக்கே தெரியாது. மலை தாங்காது என்று ஐகோர்ட் உத்தரவிட்டு, 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. மேலே வருகிற கார்களை எண்ண ஆள் போட்டாகிவிட்டது. மேலேயே இருக்கிறவர்களின் வாயில் எத்தனை பல் மிச்சம் என்று யார் எண்ணினார்கள்?

இந்த இடைவெளியில்தான் போலி ஆசாமிகள் புகுந்துகொள்கிறார்கள். சந்தையில், ஓட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "ஒரே நாள்ல பல்லு கட்டித் தரேன்" என்பார்கள். சீக்கிரம் இறுகும் பிளாஸ்டிக் மாவைக் குழைத்து, பக்கத்தில் உள்ள நல்ல பல்லோடு சேர்த்து ஒட்டிவிடுவார்கள். கழற்றிக் கழுவ முடியாது. உள்ளே அழுகும். ஆறு மாதத்தில் நல்ல பல்லும் ஆடும். பதிவு பெறாதவர் பல் வைத்தியம் செய்யக் கூடாது என்று 1948-லேயே சட்டம் போட்டாகிவிட்டது. ஆனால் மேல்மலைக்குச் சட்டம் ஏறுவதற்குள் ஆசாமி இறங்கிவிடுகிறான்.

பக்கத்து வீட்டில் மந்தஹாசம்

கிளாவரை நம் எல்லை. அதைத் தாண்டினால் கேரளத்து வட்டவடை. அதே குளிர், அதே கேரட், அதே பூண்டு, பேசுவதும் பெரும்பாலும் நம் தமிழ்தான். ஆனால் அந்தப் பக்கத்து ஏழைப் பெரியவருக்குப் பல் போனால், கேரள சமூக நீதித் துறையில் 'மந்தஹாசம்' என்று ஒரு திட்டம் இருக்கிறது. 60 வயது தாண்டிய ஏழைகளுக்கு இலவசமாகப் பல் செட். மந்தஹாசம் என்றால் புன்முறுவல். கர்நாடகத்தில் 2014-ல் 'தந்த பாக்கியம்' என்று இதே மாதிரி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அங்கே செட் கட்டும் வேலையைப் பல் கல்லூரிகளிடம் ஒப்படைத்தார்கள். சர்க்கார் பணம், கல்லூரிக் கை.

நம் ஊரில் 2023-ல் பள்ளிப் பிள்ளைகளுக்கு 'புன்னகை' என்ற பல் திட்டம் வந்தது. நல்ல காரியம். சிறுசுகளுக்குப் புன்னகை; பெருசுகளுக்கு?

மத்திய சர்க்கார் 2017-ல் தொடங்கிய 'வயோஸ்ரீ' திட்டம் ஒன்று இருக்கிறது. 60 வயதுக்கு மேற்பட்ட ஏழைகளுக்குக் கைத்தடி, காது மெஷின், மூக்குக் கண்ணாடி, சக்கர நாற்காலி எல்லாம் இலவசம். அந்தப் பட்டியலில் பல் செட்டும் இருக்கிறது! எழுத்தில் இருக்கிறது. கைத்தடியை லாரியில் ஏற்றி வந்து முகாமில் கொடுத்துவிடலாம். பல் செட்டை அப்படிக் கொடுக்க முடியுமா? ஒருவர் வாய் மாதிரி இன்னொருவர் வாய் இல்லையே! ஒரு நாள் முகாமில் ஐந்து நாள் வேலை எப்படி முடியும்?

முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு ஓடுகிறவர்களும் உண்டு. அந்த அட்டை பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்த்துச் செய்யும் பெரிய சிகிச்சைகளுக்கு. மெல்லுவதற்குப் பல் கேட்டு அதை நீட்டினால் பலன் இல்லை. 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் தொடங்கியது. பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீட்டுக்கே வருகிறது. அந்த ஊழியர் வாசலில் நிற்கும்போது, "பாட்டி, வாயைத் திற" என்று ஒரு தடவை பார்த்தால் என்ன? இரண்டு வாரமாக ஆறாத புண்ணோ, வெள்ளைத் திட்டோ கண்ணில் பட்டால் உடனே அனுப்பலாம். எத்தனையோ வாய்ப்புற்று ஆரம்பத்திலேயே அகப்படும்.

அச்சு இறங்கட்டும், ஆள் ஏன் இறங்க வேண்டும்?

தமிழ்நாட்டில் அரசு பல் மருத்துவக் கல்லூரி சென்னையில் இருக்கிறது, கடலூர் மாவட்டத்தில் இருக்கிறது, 2023-ல் புதுக்கோட்டையிலும் வந்தது. மதுரைக்குத் தெற்கே ஒன்றும் இல்லை என்ற குறை தனி. ஆனால் தனியார் பல் கல்லூரிகள் இருபதுக்கு மேல் இருக்கின்றன. மதுரையிலேயே உண்டு. அவற்றில் படிக்கிற பிள்ளைகளுக்கு நோயாளி வேண்டும். அதனால் வெளியே உள்ள கிளினிக்கை விடக் குறைவாகவே வாங்குகிறார்கள். நோயாளி வேண்டுமென்று கல்லூரி தேடுகிறது, டாக்டர் வேண்டுமென்று மலை தேடுகிறது. நடுவில் ஒரு மலைப் பாதை!

யோசித்துப் பாருங்கள். செட் கட்டும் ஐந்து கட்டத்திலும் நோயாளி வேண்டும் என்பது சரி. லேப் எங்கே இருந்தால் என்ன? அச்செடுத்த கையோடு அங்கேயே மாக்கல் ஊற்றி வார்ப்பு எடுத்துவிட்டால், அந்த வார்ப்பைப் பெட்டியில் வைத்து பஸ்ஸில் கீழே அனுப்பலாம். கேரட் மூட்டை இறங்குகிற அதே பஸ்ஸில் அதுவும் இறங்கட்டும். மெழுகுப் பல் மேலே வரட்டும். திரும்ப இறங்கட்டும். டாக்டர் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஒரு நாள் மேலே வந்தால் போதும். இரண்டரை மாதத்தில் ஒரு கூட்டம் பேருக்குப் பல் வந்துவிடும். ஒவ்வொரு பாட்டியும் 1,300 கிலோமீட்டர் ஆடிக்கொண்டு போகத் தேவையில்லை.

கொடைக்கானல் சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஒரு அறை, ஒரு நாற்காலி, பெயர் எழுதும் ஒரு நோட்டு. இவ்வளவுதான் கேட்கிறோம். வயோஸ்ரீ பணத்தை இதற்குத் திருப்ப வழி இருக்கிறதா என்று திண்டுக்கல் கலெக்டர் விசாரிக்கலாம். மதுரைக் கல்லூரிகளைக் கூப்பிட்டுப் பேசலாம். கீழ்மலைக்குத் தாண்டிக்குடியில் ஒரு நாள் தனியாக ஒதுக்க வேண்டும். அவர்களையும் கொடைக்கானலுக்கு அலைக்கழிக்கக் கூடாது. பளியர் குடியிருப்புகளுக்கு ஆஸ்பத்திரி ஜீப் போய் அழைத்து வரட்டும்.

நாளை வேறு யோசிக்க வேண்டியதில்லை. கொடைக்கானலில் ஞாயிற்றுக்கிழமை சந்தை கூடுகிறது. மேல்மலைக்காரர்கள் எல்லோரும் எப்படியும் அன்றைக்கு வருவார்கள். மூட்டையை இறக்கிவிட்டு, பாட்டியை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, சாமான் வாங்கிக்கொண்டு வருவதற்குள் அச்செடுத்து முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை டாக்டருக்கு லீவாச்சே என்பார்கள். பதிலுக்குத் திங்கட்கிழமை லீவு கொடுங்களேன்!