கேலி வேண்டாம், அளந்து பாருங்கள்!

பள்ளி விளையாட்டுத் திடலில் பட்டப்பெயர்களுக்குப் பஞ்சமே இல்லை. கால்கள் வில்போல் வளைந்தவனுக்கு ஒரு பெயர். நடக்கும்போது முட்டியோடு முட்டி தட்டுகிறவளுக்கு இன்னொரு பெயர். வீட்டிலோ நிலைமை வேறு. எண்ணெய் போட்டு நீவினால் நிமிரும் என்பார் பாட்டி. இடுப்பில் தூக்கி வைத்துக் கெடுத்துவிட்டீர்கள் என்பார் அத்தை. இரும்புப் பட்டை வைத்த காலணி வாங்கலாமா என்று யோசிப்பார் தந்தை. கேலிக்கும் கவலைக்கும் செலவுக்கும் முன்னால் செய்ய வேண்டிய ஒரு வேலை உண்டு. அதுதான் அளவெடுத்தல்.

மாணவர்களே, மேலே எறிந்த கல்லை ஒரே ஒரு படம் பிடித்துப் பாருங்கள். கல் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று அந்தப் படத்தைக் கொண்டு சொல்ல முடியுமா? முடியாது. சிறிது நேரம் கழித்து எடுத்த இரண்டாவது படமும் வேண்டும். வளரும் குழந்தையின் காலும் அப்படித்தான். ஒரு நாள் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வது அறிவியல் ஆகாது.

பிறந்த குழந்தையின் கால்கள் சற்றே வெளிப்புறம் வளைந்திருப்பது இயற்கை. ஏறத்தாழ 2 வயதில் அவை நேராகின்றன. அத்துடன் நில்லாமல், 3, 4 வயதில் முட்டிகள் நெருங்கிக் கணுக்கால்கள் விலகுகின்றன. பிறகு இந்த விலகலும் குறைந்து, 7 வயதளவில் பெரியவர்களின் கால் அமைப்பு வந்துவிடுகிறது. பின்லாந்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் எக்ஸ்-கதிர்ப் படங்களை அளந்து 1975-இல் வெளியிடப்பட்ட ஆய்வு இந்தப் போக்கைத் தெளிவாகக் காட்டியது. ஆகவே, 4 வயதுத் தங்கையின் முட்டிகள் தட்டுவதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. இடுப்பில் தூக்கியது அதற்குக் காரணமும் அல்ல. காலம் தானே செய்து முடிக்கும் வேலைக்கு எண்ணெயும் காலணியும் பெயர் வாங்கிக்கொள்கின்றன!

ஆனால் எல்லாக் கால்களும் தாமே நிமிர்ந்துவிடுவதில்லை. ஒரு கால் மட்டும் வளைவது, 2 வயதுக்குப் பின்னும் வில் வளைவு கூடிக்கொண்டே போவது, 7 வயதுக்குப் பின் முட்டி தட்டல் மிகுவது, வலி, நொண்டல், வயதுக்கேற்ற உயரம் இல்லாமை ஆகியவை எச்சரிக்கை மணிகள். இங்கே காத்திருப்பது தவறு. மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

காரணங்கள் பல. வைட்டமின் டி அல்லது சுண்ணாம்புச் சத்துக் குறைவால் எலும்பு கெட்டிப்படாமல் போவது ரிக்கெட்ஸ் நோய். உடலின் எடையைத் தாங்காமல் மென்மையான எலும்பு வளைகிறது. பாதரச ஆவி விளக்கின் புற ஊதாக் கதிர்களைக் கொண்டே இந்நோயைக் குணப்படுத்தலாம் என்று 1919-இல் பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற மருத்துவர் காட்டினார். வெயிலில் அதே கதிர்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. மூடிய கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் நின்றால் பயனில்லை. வைட்டமின் டி உண்டாக்கும் கதிர்களைக் கண்ணாடி தடுத்துவிடும்.

குடிநீரும் ஒரு காரணமாகலாம். அன்றைய ஆந்திரப் பிரதேசத்தில், புளோரைடு மிகுந்த நீரைக் குடித்த சிற்றூர்களில் இளம் வயதினரின் முட்டிகள் கடுமையாக உட்புறம் வளைந்திருந்ததை ஐதராபாத் தேசிய உணவூட்ட நிறுவன ஆய்வாளர்கள் 1973-இல் விவரித்தனர். நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரிலும் புளோரைடு மிகுதி. அங்கே காவிரி நீரைக் கொண்டுசெல்ல 2013-இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் திட்டத்தின் நோக்கங்களில் ஒன்று புளோரைடு நோயைத் தணிப்பது.

அளவெடுப்பதில் ஏன் அவசரம்? எலும்பின் முனைகளுக்கு அருகே வளர்ச்சித் தட்டு என்ற குருத்தெலும்புப் பகுதி இருக்கிறது. கொத்தனார் தூக்குக்குண்டு விடுவதுபோல, இடுப்பு மூட்டின் நடுவிலிருந்து கணுக்காலின் நடுவுக்கு ஒரு கோடு போடுங்கள். நேரான காலில் அது முழங்காலின் நடுவே செல்லும். வளைந்த காலில் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். சுமை அந்தப் பக்கமே அழுத்தும். அளவுக்கு மீறி அழுத்தப்பட்ட தட்டு மெதுவாக வளரும். வளைவு இன்னும் கூடும். மருத்துவர்கள் இதே விதியைத் திருப்பிப் பயன்படுத்துகிறார்கள். குவிந்த பக்கத்துத் தட்டின் குறுக்கே ஒரு சிறிய உலோகத் தகட்டைத் திருகாணிகளால் பொருத்தி, அந்தப் பக்க வளர்ச்சியைக் கட்டுப்படுத்துகிறார்கள். மறுபக்கம் தொடர்ந்து வளர்ந்து காலை நிமிர்த்துகிறது. பிறகு தகட்டைக் கழற்றிவிடுகிறார்கள். ஆனால் வளர்ச்சி முடிந்துவிட்டால் இந்த வழி அடைபட்டுவிடும். எலும்பையே வெட்டிச் சீராக்க வேண்டியிருக்கும். சிறிய சிகிச்சைக்கும் பெரிய சிகிச்சைக்கும் இடையே உள்ளவை நாம் கவனிக்காமல் விட்ட சில ஆண்டுகள்தாம்.

எனவே என் கோரிக்கை இது. உயரமும் எடையும் குறிக்கும் பள்ளி ஏட்டில் இன்னும் ஒரு கட்டம் சேர்க்கட்டும். கணுக்கால்களைச் சேர்த்து நின்றால் முட்டிகளுக்கு இடையே எவ்வளவு? முட்டிகள் தொட நின்றால் கணுக்கால்களுக்கு இடையே எவ்வளவு? ஆண்டுக்கு இருமுறை அளந்தால் போதும். 7 வயதைத் தாண்டிய பிள்ளையின் கணுக்கால்கள் 8 செ.மீ.க்கு மேல் விலகியிருந்தாலோ, எந்த இடைவெளியும் முறைக்கு முறை வளர்ந்தாலோ பெற்றோரிடம் சொல்ல வேண்டும்.

அளப்பதே புதிய கேலிக்கு இடமாகாதா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. வகுப்பின் முன் நிறுத்தி அளந்தால் அப்படித்தான் ஆகும். தனி அறையில் ஆசிரியர் அளக்கட்டும்; எண் பெற்றோருக்கு மட்டும் தெரியட்டும்.

அந்தக் கட்டம் ஏட்டில் ஏறும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் தம்பி தங்கையின் கால்களை இன்று அளந்து, தேதியுடன் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து மீண்டும் அளவுகோலை எடுங்கள். வகுப்பில் யாராவது பட்டப்பெயர் சொல்லிச் சிரித்தால், கல்லின் ஒற்றைப் படத்தை அவர்களுக்கு நினைவூட்டுங்கள்.