கலவைக்குப் போன வண்டி

சென்ற மாதம் திமிரிக்குப் போயிருந்தேன். ஆற்காட்டிலிருந்து ஆரணிக்குப் போகிற சாலையில் இருக்கிறதே, அந்தத் திமிரிதான். என் தங்கை மகள் அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் வேலை. காலை ஏழு மணிக்குக் கம்பெனி வேன் தெருமுனைக்கு வந்துவிடும். அதற்குள் சமையல், குழந்தைக்குத் தலை பின்னல், மாமியாருக்குக் கஞ்சி, தனக்கு ஒரு டப்பா சோறு எல்லாம் ஆகியாக வேண்டும்.

நான் போன மறுநாள் காலையில் குழந்தை தயிர்ப் பாத்திரத்தைத் தட்டிவிட்டாள். என்ன, ஏது என்று நான் திரும்பிப் பார்ப்பதற்குள் இவள் கை நீண்டுவிட்டது. குழந்தையின் கன்னத்தில் விரல்கள் பதிந்துவிட்டன. அதற்குள் வேனும் ஹாரன் அடித்தது. குழந்தையின் முகத்தைப் பார்க்காமலே ஓடிப் போனாள்.

இரவு எல்லாரும் படுத்த பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பெரியம்மா, இனிமேல் கோபப்படக் கூடாது என்று தினமும் தீர்மானம் செய்துகொண்டுதான் எழுந்திருக்கிறேன். ஆறரை மணிக்குள் அது உடைந்து போகிறது. ரிஷிகளுக்கு என்ன, காடு இருந்தது, போய் உட்கார்ந்தார்கள். எனக்குக் காடு வேண்டாம், கால் மணி நேரம் தனியாக உட்கார ஒரு மூலைகூட இல்லையே!"

சகோதரிகளே, இந்தக் கேள்வியை உங்களில் எத்தனை பேர் மனத்துக்குள் கேட்டிருப்பீர்கள்!

அவள் காடு என்று சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் அந்தச் சீமையே ரிஷிகளின் காடுதான். ஆறு ரிஷிகள் ஆறு காடுகளில் தவம் செய்ததால் 'ஆறு காடு' என்று பெயர் வந்து, அதுவே ஆற்காடு ஆயிற்று என்று அங்கே பெரியவர்கள் சொல்வார்கள். காரையில் கௌதமர், குடிமல்லூரில் அத்திரி, வன்னிவேட்டில் அகத்தியர், புதுப்பாடியில் பரத்வாஜர் என்று ஒவ்வொரு ரிஷியின் பெயராலும் சிவன் கோயில் இருக்கிறது.

ஆனால், காட்டுக்குப் போனவர்களுக்கு மட்டும் கோபம் போய்விட்டதா? விசுவாமித்திரரை எடுத்துக்கொள்ளுங்கள். ராஜாவாகப் பிறந்தவர். பிரம்மரிஷி ஆகியே தீருவது என்று ஆயிரமாயிரம் ஆண்டுகள் தவம் செய்தார். மேனகை வந்தாள், ஒரு முறை தவம் போயிற்று. ரம்பை வந்தாள். இந்த முறை மயங்கவில்லை. ஆனால் கோபத்தில் சபித்துவிட்டார். ஒரு சாபத்தில், சேர்த்து வைத்த தவமெல்லாம் செலவாகிவிட்டது! அதற்கு அப்புறம் அவர் செய்தது என்ன? மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். இனி பேசுவதே இல்லை என்று வாயைக் கட்டிக்கொண்டார். ராமாயணம் அவர் விழுந்ததை ஒளிக்கவில்லை. விழுந்தவர் எழுந்து உட்கார்ந்ததைத்தான் தவம் என்று சொல்கிறது.

"அது புராணம், பெரியம்மா" என்றாள் அவள்.

சரி, புராணம் வேண்டாம். திமிரியிலிருந்து கலவைக்குப் போகும் வழியில் இருக்கிற உனக்கு, கலவையில் நடந்ததையே சொல்கிறேன் என்றேன்.

1907-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம். காஞ்சி காமகோடி மடத்தின் 66-வது ஆசாரியர் கலவையில் தங்கியிருந்தபோது சித்தியடைந்தார். அடுத்த ஆசாரியராக வந்தவர் வேதம் கற்ற ஓர் இளைஞர். விதவைத் தாய்க்கு ஒரே பிள்ளை. அந்தத் தாயின் சகோதரி மகாலக்ஷ்மி அம்மாள் திண்டிவனத்தில் இருந்தார். அவருடைய மகன் சுவாமிநாதன் அங்கே அமெரிக்க மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். கெட்டிக்காரப் பையன். முந்தின வருஷந்தான் ஷேக்ஸ்பியரின் 'கிங் ஜான்' நாடகத்தில் ராஜகுமாரன் ஆர்தராக நடித்துப் பெயர் வாங்கியிருந்தான்.

மடத்திலிருந்து தந்தி வந்தது. பையனின் தகப்பனார் உத்தியோக விஷயமாகத் திருச்சிக்குப் போயிருந்தார். ஒரே பிள்ளையைச் சந்நியாசத்துக்குக் கொடுத்துவிட்டு நிற்கும் சகோதரிக்கு ஆறுதல் சொல்லவேண்டும் என்று மகாலக்ஷ்மி அம்மாள் குழந்தைகளுடன் ரயிலேறினார். காஞ்சிபுரத்தில் மடத்து வண்டி காத்திருந்தது. பையனை மட்டும் அதில் ஏற்றிக்கொண்டார்கள். மற்றவர்களுக்கு வேறு வண்டி. வழியில் மடத்து மேஸ்திரி மெல்ல விஷயத்தைச் சொன்னார்: "இனி நீ வீட்டுக்குத் திரும்பாமலே போகலாம்." புது ஆசாரியர் சுரம் கண்டு, எட்டே நாளில் காலமாகிவிட்டார். அடுத்த வாரிசு இந்தப் பையன்தான்!

பதின்மூன்றாம் வயதில் இருந்த குழந்தை என்ன செய்யும்? வண்டியிலேயே முழந்தாளிட்டு, தனக்குத் தெரிந்த ஒரே பிரார்த்தனையாக 'ராம ராம' என்று சொல்லிக்கொண்டே போனானாம். பிப்ரவரி 13-ஆம் தேதி கலவையில் அவனுக்குக் காவி கொடுத்தார்கள். சந்திரசேகரேந்திர சரசுவதி என்று பெயர் ஆயிற்று.

சகோதரிக்கு ஆறுதல் சொல்ல வந்த தாய்க்கே மற்றவர்கள் ஆறுதல் சொல்லவேண்டி வந்தது. இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. அந்தப் பையன்தான், ஊரெல்லாம் வணங்கும் பெரியவரான பிற்பாடு இதைச் சொல்லியிருக்கிறார். தம் பெருமையைச் சொல்லவேண்டிய இடத்தில் இரண்டு பெண்களின் கண்ணீரை நினைத்துக்கொண்டாரே, அதைக் கவனியுங்கள்!

சரி, காவி உடுத்திய அன்றே பையன் மகானாகிவிட்டானா? இல்லை. அவருக்குப் போக ஒரு காடும் கிடைக்கவில்லை. கற்றுக்கொடுக்கக் குருவும் உயிரோடு இல்லை. சுற்றிலும் கூட்டம், பூஜை, மடத்துக் காரியங்கள். பாடம் சொல்லித் தருகிற பண்டிதர்களே அவருக்கு நமஸ்காரம் செய்கிற நிலைமை. அந்த வயதில் தலை கனத்துப் போக அது போதாதா? 1911 முதல் 1914 வரை காவேரிக் கரையில் மகேந்திரமங்கலத்தில் மாணவராக உட்கார்ந்து படித்தார். 1915-ல், இருபத்தோராவது வயதில், மடத்து நிர்வாகத்தை ஏற்றுக்கொண்டார். 1919-ல் தொடங்கிய யாத்திரை இருபது வருஷம் நடந்தது. 1931-ல் செங்கல்பட்டில் பால் பிரண்டன் என்ற ஆங்கில எழுத்தாளர் வந்து தமக்குக் குருவாக இருக்கும்படி கேட்டபோது, தமக்கு மடத்தின் கடமைகள் இருக்கின்றன என்று சொல்லி, திருவண்ணாமலையில் ரமணரிடம் அனுப்பி வைத்தார்.

பார்த்தீர்களா? ஓயாத வேலைக்கு நடுவில்தான் அவரும் இருந்தார். ஆனால் ஸ்நானம், ஜபம், பூஜை, எளிய உணவு, மௌனம் என்று வகுத்துக்கொண்ட நியமத்தை விடவில்லை. மனம் சரியாக இருந்த நாளிலும் செய்தார், சரியில்லாத நாளிலும் செய்தார். 1932-ல் நகரியில் இருந்தபோது தாயார் காலமான செய்தி வந்தது. துறவிக்குச் சடங்கு எதுவும் கிடையாது; தாய்க்காக ஒரு ஸ்நானம் மட்டும் உண்டு. அதைச் செய்தார். 1994-ல், தொண்ணூற்றொன்பதாவது வயதில் சித்தியடைகிற வரையில் கலவையில் தொடங்கிய வாழ்க்கையையே வாழ்ந்தார்.

என் தங்கை மகள் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "நான் என்ன செய்யட்டும், பெரியம்மா?" என்றாள்.

பெரியவர் வீட்டுப் பெண்களுக்கு என்றே சொன்ன ஒரு நியமம் உண்டு: பிடி அரிசி. தினமும் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைப் பசித்தவர்களுக்கென்று தனியாக எடுத்து வைப்பது. நான் அதோடு ஒன்றைச் சேர்த்துச் சொன்னேன். "எழுந்ததிலிருந்து அந்தப் பிடியைப் பானையில் போடுகிற வரையில் வாய் திறக்காதே. யாரையும் கூப்பிடாதே, அதட்டாதே. பத்து நிமிஷம் ஆகுமா? அதுதான் உன் காடு. 'இனிக் கோபமே வராது' என்று சபதம் செய்யாதே. கோபம் வரும். வந்த அன்று குழந்தையிடம் 'தப்பு என்மேல்' என்று சொல்லிவிட்டு, மறுநாள் மறுபடி பிடி அரிசியிலிருந்து ஆரம்பி."

போன வாரம் போனில் பேசினாள். முப்பது நாளில் நாலு நாள் தவறிவிட்டதாம். இரண்டு நாள் கத்தினாளாம், ஒரு நாள் மறந்தே போனாளாம், ஒரு நாள் மாமியாரோடு சண்டை. "ஆனால் கை மட்டும் நீளவில்லை, பெரியம்மா" என்றாள். சொல்லும்போது குரல் கம்மிற்று.

பானை நிறைந்ததும், அந்தத் தெருவில் பிள்ளைகளால் கைவிடப்பட்டுத் தனியாக இருக்கிற ஒரு பாட்டிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாளாம். கூடவே போன குழந்தை பானையின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டாளாம்.

உங்கள் சமையலறையிலும் ஒரு காலிப் பாத்திரம் இருக்குமே, அம்மா? நாளைக் காலையில் எடுத்து வையுங்களேன்.