பொட்டலத்துக்குள் சிலந்தி



எங்கள் ஜவ்வாது மலையில் கல்லைப் புரட்டினால் சிலந்தி தென்படும். இதையும் விலைகொடுத்து வாங்குவார்களா என்று மத்ரஸா மாணவர் ஒருவர் வியந்து கேட்டார். வாங்குகிறார்கள். 2021 ஜூலையில் போலந்திலிருந்து அருப்புக்கோட்டை முகவரிக்கு வந்த அஞ்சல் பொட்டலத்தைச் சென்னையில் சுங்கத்துறையினர் பிரித்தபோது, வெள்ளித்தாளும் பஞ்சும் சுற்றிய 107 சிறு குப்பிகளில் உயிருள்ள சிலந்திகள் இருந்தன. இறக்குமதி உரிமம் இல்லை. சுகாதாரச் சான்றும் இல்லை. வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பப் பரிந்துரைக்கப்பட்டது.

“இது அரசின் விதிதானே, மார்க்கத்தில் என்ன தடை?” என்பாரும் உளர். பயனற்ற பூச்சிகளின் விற்பனை செல்லாது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. மயிலின் அழகைப் பயனாகக் கொண்ட ஃபுகஹாக்களும் உண்டே என்று வாதிடலாம். அவ்வாதத்தை ஆலிம்களிடம் விட்டுவிடுகிறேன். உள்ளிருப்பதை மறைத்து அனுப்புவதில் என்ன வாதம் இருக்கிறது? நனைந்த தானியத்தைக் குவியலின் அடியில் மறைத்த வணிகரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். அங்கே ஏமாறவிருந்தவர் வாங்குபவர். இங்கே, ஒன்றும் அறியாமல் பொட்டலத்தைச் சுமக்கும் அஞ்சல் ஊழியர். அவருக்குத் தீங்கு விளைவிக்கக்கூடிய உயிரினத்தை அஞ்சலில் அனுப்பலாகாது என்று 1898ஆம் ஆண்டின் சட்டமே தடுத்திருந்தது.

பிள்ளைகள் இணையத்தில் எதை வரவழைக்கிறார்கள் என்று கேட்டு வையுங்கள். முகவரியில் அத்தாவின் பெயர் இருந்தால், விசாரணைக்கு அழைக்கப்படுபவரும் அவரே.